குணமானது எலிக்கு!

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் லூபஸ் நோய் ஒழிந்துவிட்டது.

ஒழித்தவர் மாதவரம் சித்தப்பா. காலை காபிக்கு முன்பே ஒரு செய்தியை ஃபார்வர்ட் செய்திருந்தார். ‘நிரந்தரத் தீர்வு!’ என்று தலைப்பு. கீழே பூங்கொத்து, கைகூப்பு, வரிசையாக வாழ்த்துகள்… எல்லாம் என் தங்கை தேவிக்கு.

தேவியால் அந்த நேரத்தில் சீப்பைக்கூடப் பிடிக்க முடியவில்லை. விரல்கள் மடங்கவில்லை.

லூபஸ் என்றால்? உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே உடம்பைப் போட்டு அடிக்கிற நோய். மூட்டு, தோல், விட்டால் கிட்னி வரைக்கும். வெயிலும் ஆகாது. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில், லாரி எடை போடும் இடத்தில் பில் போடுகிறவளுக்கு வெயில் ஆகாதாம் – எங்கே போய்ச் சொல்ல? இதில் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பவுடர் டப்பாவோடு வருகிறார்கள். ஐயா, அது தறிகெட்டுப் போனதால்தானே அவள் படுத்திருக்கிறாள்!

சித்தப்பா அனுப்பியதை நான் கடைசிவரை படித்தேன். கடைசிப் பத்தியில் இருந்தது எலி. குணமானது எலிக்கு.

தேவியின் புருஷன் பாபு தலைப்போடு நிறுத்திக்கொண்டான். லாரி ஓட்டுகிறவன். அன்றைய லோடை வேறு ஆளிடம் விட்டுவிட்டு, அயர்ன் பண்ணிய சட்டையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“மச்சான், கெளம்பு. அந்த மருந்த கேட்டு வாங்கிக்கினு வந்துடலாம்.”

“மாப்ளே, அது எலிக்கு…”

“நீ எப்பவும் இப்டித்தான். வாயத் தொறந்தா நல்லதே வராது.”

தேவியையும் கூட்டிக்கொண்டு மூன்று பேராகத் திருவொற்றியூரில் ரயில் ஏறினோம். தேவி வழக்கமாகப் போகும் பெரிய ஆஸ்பத்திரி. டோக்கன், பெஞ்ச், இன்னொரு டோக்கன். மூட்டு வலிக்காரர்களுக்கு மாடியில் ஓ.பி. – லிஃப்ட் ரிப்பேர். இதைத் திட்டமிட்ட மகானை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும்!

நம்பிக்கை வேண்டும்தான். யார் இல்லை என்றது? ஆனால் அனுப்புகிறவருக்கு அது ஒரு விரல் வேலை. வாங்குகிற வீட்டில் ஒருவன் வேலையை விட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறானே…

டாக்டரம்மா பாபுவின் போனை வாங்கிப் பொறுமையாகப் படித்தார். “இது இன்னும் மனுஷங்களுக்கு வரலைங்க. மனுஷங்களுக்கு நடக்கிற வேற சோதனைகள் இருக்கு. ஆனா மாத்திரைக்குக் கட்டுப்படாதவங்களைத்தான் அதுல சேர்ப்பாங்க. இவங்களுக்கு மாத்திரை கேக்குது. கிட்னி நல்லா இருக்கு. சந்தோஷப்படுங்க.”

சந்தோஷமா? பாபு வெடித்தான்.

“இன்னா டாக்டரம்மா, எலிக்கு மருந்து கீது, எம் பொண்டாட்டிக்கு இல்லியா? காலீல அவளுக்கு நான்தான் ஜடை பின்னி வுடறேன். தெரியுமா உங்களுக்கு?”

எனக்கே தெரியாது. தேவி தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. தேவியைப் பார்த்துச் சொன்னார்: “இங்கேயும் ஒரு ஆராய்ச்சி பண்றோம். எதிர்ப்பு சக்தி ஏன் இப்படித் தடம் மாறுதுன்னு. அதுக்குக் கொஞ்சம் ரத்தம் வேணும். இதால உங்களுக்கு ஒரு பலனும் கிடைக்காது. இஷ்டமிருந்தா மட்டும் குடுங்க.”

“எனுக்கு இல்லாங்காட்டியும், பின்னால வர்றவங்களுக்கு ஆவுமா?”

“ஆகலாம். உறுதியாச் சொல்ல முடியாதும்மா.”

“எட்த்துக்கோங்க.”

“இன்னாமே, இருக்குற நோவு பத்தாதா?” என்றான் பாபு.

“யோவ், சும்மா இரு. நோவு வந்ததுலேர்ந்து அல்லாரும் எனுக்குக் குடுத்துக்கினேதான் கீறாங்க. பவுடரு, லேகியம், அட்வைஸு… என்னாண்ட யாரும் எதுவும் கேட்டதில்ல. இவங்கதான் கேக்கறாங்க.”

சொல்லிவிட்டு எழுந்து ரத்தம் எடுக்கிற அறைக்குப் போனாள். நாங்கள் பின்னால் போனோம்.

ரத்தம் எடுத்து முடித்த நர்ஸ், நோய் இல்லாதவர்களின் ரத்தமும் தேவை, ஒப்பிட்டுப் பார்க்க, என்றார். பாபு அவரை முறைத்தான். சுவரை முறைத்தான். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தேவி எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

“எங்க குத்தணும்?”

தேவி சிரித்தாள். அன்றைக்கு முதல்முறையாக.

நர்ஸ் அடுத்து என்னைப் பார்த்தார். எனக்குச் சர்க்கரை, பிரஷர் என்றேன். “அப்ப நீங்க வேணாம் சார்” என்றார்.

நாள் முழுக்க எரிச்சலில் இருந்தவனுக்கு அந்த ஒரு நிராகரிப்புதான் இனித்தது – ஊசி என்றாலே எனக்கு உதறும்!