மூன்று நாள் பாஸ்

பஸ் தவறிவிடும், பூட்டிய கதவு பூட்டாமல் கிடக்கும், மழை வந்து புகையிலை நனைந்துவிடும் என்று பத்து வயதிலேயே பயந்து பழகியவன் நான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் ஒருவகைப் பயத்தினால்தான். அது வேறு கதை.

என் பத்தாவது வயதில், இந்திய ஆமி போய், கொழும்புப் பாதை திறந்திருந்த கொஞ்ச மாதங்கள் அவை. அம்மாவின் ஒரே அண்ணன், கொழும்பிலிருந்த மாமா, ஏழு வருடம் கழித்து உடுவிலுக்கு எங்கள் வீடு தேடி வந்திருந்தார். எத்தனை நாள் நிற்பார் என்று ஒருவருக்கும் தெரியாது. வந்தவரிடம் எப்போது போகிறீர்கள் என்று கேட்பது எங்கள் பக்கத்தில் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்குச் சமம். அதனால் அம்மா கேட்கவில்லை.

அந்த நேரம் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு பழம்பொருள் கண்காட்சி நடந்தது. ஐந்து கட்டடங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ். ஒருநாளைக்கும் வாங்கலாம், இரட்டிப்பு விலைக்கு மூன்று நாளைக்கும் வாங்கலாம். ஒருநாள் போதும் என்றார் மாமா. எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. ஐந்தும் கூப்பிடு தூரத்தில்தானே இருந்தன. பஸ் காசுக்கு மனம் வராமல் மானிப்பாய் வரைக்கும் நடக்கிற அம்மாதான் மாமாவை விலக்கிக்கொண்டு முன்னுக்குப் போய், மூன்று நாள் பாஸாக மூன்று வாங்கினார்.

"ஆறுதலாப் பாப்பம் அண்ணை. என்ன அவசரம்?"

எல்லாம் பார்த்து முடியமுன் மாமா புறப்பட்டுவிட்டால் அவ்வளவு காசும் வீண் அல்லவா?

ஆகவே ஓடினேன். செப்பேடு, ஏட்டுச்சுவடி, ஒல்லாந்தர் காலத்துப் பெட்டகம் என்று மாமாவின் கையைப் பிடித்து இழுத்தபடியே காட்டினேன். அம்மா ஒவ்வொன்றின் முன்னாலும் வேரோடினாற்போல் நின்று, மிச்சத்தை நாளைக்குப் பார்ப்போம் என்றார். நான் விடுவேனா?

"தங்கச்சி, உவன் காட்சி பாக்க வந்தவனோ, ஓட்டப்போட்டிக்கு வந்தவனோ?" என்று மாமா மூச்சு வாங்கச் சிரித்தார்.

நாலு மணிக்கு ஐந்தாவது கட்டடமும் முடிந்தது.

"எல்லாம் பாத்தாச்சு மாமா. இனி நீங்கள் நாளைக்கே போகலாம்" என்றேன்.

அம்மா என் தொடையில் நுள்ளிய இடம் இரண்டு நாள் கன்றியிருந்தது.

"ஓம், மருமோன் சொல்லுறதும் சரிதான். காலமை றெயிலிலை வெளிக்கிடுவம்" என்றார் மாமா.

நில்லுங்கோவன் என்று அம்மா ஒருதரம் சொன்னார். மறுதரம் சொல்லவில்லை.

சில வாரங்களில் சண்டை தொடங்கிப் பாதை மூடிக்கொண்டது. மாமா கொழும்பிலேயே காலமான செய்தி, மாதக்கணக்காக எங்கெங்கோ சுற்றி ஒரு கடிதத்தில் வந்து சேர்ந்தது. ஆனால் அவரை றெயில் ஏற்றிவிட்ட அந்தக் காலையில் இது ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. ஸ்டேஷனிலிருந்து உடுவில் பஸ்ஸுக்குப் போகாமல் அம்மா நேரே கண்காட்சிக்கு நடந்தார். கொடுத்த காசு வீண்போகாமல் பார்க்கிறார் என்று எனக்குப் பெரிய சந்தோஷம். உள்ளே, பெட்டகத்தடியில் நின்று சுற்றிவரப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, மாமா எதுக்கு முன்னாலை கனநேரம் நிண்டவர்?"

"ஒண்டுக்கும் இல்லையம்மா. நான் நிக்க விடேல்லையே" என்றேன், பெருமையோடு.