நாலு மூட்டைக்கு ஒரு தூக்கு

என் மனைவி விஜயலக்ஷ்மி எதையும் முடிக்க மாட்டாள் என்று சொல்லிச் சொல்லியே தெருவைச் சிரிக்க வைத்தவன் நான். அவளைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதி குறைந்தவன் கிடையாது. ஆனால் நடந்தது எங்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

மேற்கு மாம்பலத்தில் எங்களுக்கு ஒன்றரை அறைப் போர்ஷன். தி. நகர் தையற்கடைகளில் கழித்துப் போடும் துண்டுத் துணிகளைக் கேட்டு வாங்கி வருவாள். சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து, உள்ளே பழம்புடவையை மடித்து வைத்துப் போர்வை தைப்பாள். பாதி ஆனதும் அடுத்ததை ஆரம்பித்துவிடுவாள். கட்டிலுக்கடியில் மூட்டை, பரணில் மூட்டை. என் சட்டையெல்லாம் அந்துருண்டை வாசனை.

"ஒண்ணே ஒண்ணு முடிச்சுக் காட்டேன்" என்பேன்.

"கலர் அமைய வேண்டாமா?" என்பாள்.

எழுபத்து மூன்று சித்திரையில், தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று கும்பகோணம் போனாள். மறுநாளே வாசலில் பாத்திரக்காரியின் குரல் கேட்டது. பழைய துணிக்கு எவர்சில்வர். நாலு மூட்டையையும் இழுத்துப் போட்டேன்.

"இன்னா சார், எல்லாம் துண்டு துண்டா கீது?" என்று அலுத்துக்கொண்டாள். அரைமணி நேரம் மல்லுக்கட்டி, மூடியோடு ஒரு தூக்கு வாங்கினேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

விஜயலக்ஷ்மி வந்ததும் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். "பச்சைத் துண்டால கட்டின மூட்டை எங்கே?"

"எல்லாத்தையும்தான் போட்டேன். தூக்கைப் பாரு, மூடியோட."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அதுலன்னா நீரஜாவோட அம்மா புடவை இருந்தது."

நீரஜா பக்கத்துப் போர்ஷன் பெண். நிறைமாதம். பிறந்த குழந்தையைப் புதுத் துணியில் கிடத்துவது எங்களில் வழக்கமில்லை. பெரியவர்கள் கட்டி மெத்தென்று ஆன புடவையில்தான் கிடத்துவோம். நீரஜாவின் அம்மா தை மாதம் தவறிவிட்டாள். பிள்ளை பெறப் போவதற்குப் பிறந்தகமே இல்லை. அம்மாவின் சுங்குடிப் புடவை ஒன்றை விஜயலக்ஷ்மியிடம் கொடுத்து, குழந்தைக்குப் போர்வையாகத் தைத்துத் தரச் சொல்லியிருந்தாள். அந்த ஒன்றை மட்டும் இவள் அநேகமாக முடித்திருந்தாள். ஓரம் அடிப்பதுதான் பாக்கி.

மூன்று நாள் ஆபீசுக்கு லீவு போட்டு அலைந்தேன். கடைசியில் ஸ்டேஷன் பக்கம் அந்தப் பாத்திரக்காரி அகப்பட்டாள்.

"இப்ப வந்து கேட்டா எப்டி சார்? ஷெட்டுக்காரன் கிரீஸ் தொடைக்க அன்னிக்கே வாங்கிக்கினு பூட்டான்."

அடுத்த வாரம் நீரஜாவே வந்து கேட்டாள். நான் உள்ளே பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எலி கடிச்சுக் குதறிடுத்து, நீரஜா. தகரப்பெட்டியில வெச்சிருக்கணும். என் அஜாக்கிரதை" என்றாள் விஜயலக்ஷ்மி.

"எங்கிட்ட அது ஒண்ணுதான் மாமி இருந்தது" என்று சொல்லிவிட்டுப் போனாள் நீரஜா. நான் எழுந்து போயிருக்கலாம். பத்தடி தூரம். போகவில்லை.

அதன்பின் தெருவில் யாரும் மாமியிடம் துணி கொடுக்கவில்லை. அவளும் ஊசியைத் தொடவில்லை. வீடு துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

ஆனியில் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கும் நாளன்று விஜயலக்ஷ்மி மைசூர்பாகு கிளறி அந்தத் தூக்கில் நிரப்பி என் கையில் கொடுத்தாள். நாங்கள் போனபோது குழந்தை புதுத் துவாலையில் கிடந்தது.

"தூக்கு நன்னாருக்கே மாமி, எங்கே வாங்கினேள்?" என்றாள் நீரஜா.

விஜயலக்ஷ்மி என்னைப் பார்த்தாள். எனக்காகக் காத்திருந்தாள்.

"ஆபீஸ் சொசைட்டில மலிவா குடுத்தான்" என்றேன்.

அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். "தூக்கு இங்கேயே இருக்கட்டும், நீரஜா. அது உன்னோடதுதான்" என்றாள்.

நீரஜா நல்ல பெண். இன்றும் எது செய்தாலும் அந்தத் தூக்கில்தான் எங்களுக்குக் கொடுத்தனுப்புகிறாள். அதை அலம்பித் திருப்பிக் கொடுக்கும் வேலையை விஜயலக்ஷ்மி எனக்கு விட்டிருக்கிறாள்.