மதிலிலிருந்து விழுந்தவர்

எங்கள் நாரணாபுரத்தில் ஒரு சாமான் நல்லதா கெட்டதா என்று தெரிய வேண்டுமானால் ஒரு துண்டைக் கொளுத்திப் பார்ப்பார்கள். திரியானாலும் வெடிமருந்தானாலும் அதுதான் பரீட்சை. பட்டாசுக் கம்பெனியில் அப்பாவுக்கு அதுவே வேலை. புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?

எங்களோடு இருந்த அத்தையின் டிரங்குப் பெட்டியில் ஒரு தகர டப்பா, அதற்குள் ஒரு சுருள் பிலிம். பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையை வைத்து எடுத்த ஊமைப்படமாம். மற்றச் சுருள்கள் போன இடம் யாருக்கும் தெரியாது. கோட்டை மதிலில் ஈட்டியோடு நின்று, குண்டடிபட்டு விழும் வீரராக அத்தையின் புருஷன் அதில் நடித்திருந்தார். சினிமாக் கொட்டகைக்காரரிடம் அத்தை கெஞ்சி வாங்கி வைத்த சுருள் அது. நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அவர் காலராவில் போய்விட்டார். போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. அவர் முகம் மிஞ்சியிருந்தது அந்த டப்பாவில் மட்டும்தான். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த சங்கதி. ஒன்பது வயதில் எனக்கு அது அத்தை தொடவிடாத டப்பா, அவ்வளவுதான்.

தீபாவளிக்கு முந்தின வாரம், அத்தை கடைக்குப் போன நேரம் பார்த்து அதைக் கொல்லைக்குக் கொண்டுபோனேன். பிலிமை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். யாரோ ஒருவர் மதிலிலிருந்து சாய்ந்துகொண்டிருந்தார். விரற்கடை அளவு வெட்டிக் கொளுத்தினேன். புஸ்ஸென்று சீறிக் கையைச் சுட்டது. உதறினேன். நெருப்பு டப்பாவுக்குள் விழுந்தது.

ஆளுயரத்துக்குத் தீ. அப்பா ஓடிவந்து டப்பாவைக் கம்பால் தண்ணீர்த் தொட்டிக்குள் தள்ளினார்.

"ஆத்தாடி, தண்ணிக்குள்ளயும் எரியுதே!" என்று அம்மா அலறினாள். மருந்தோடு புழங்குகிற அப்பாவுக்கே அது புதுசு. கடையிலிருந்து வந்த அத்தை நேரே தொட்டிக்குள் கையை விட்டாள். அம்மா இழுப்பதற்குள் கை வெந்துவிட்டது.

சாயங்காலம், கையில் வாழைக்குருத்தைச் சுற்றிக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். முதுகுத்தோல் உரியப் போகிறது என்று நினைத்துக்கொண்டே போனேன்.

"ஏட்டி, கொளுத்துறதுக்கு முன்னால அதப் பாத்தியா?"

"பாத்தேன். ஒரு ஆளு மதில்ல இருந்து விழுந்தான்."

"எப்படி விழுந்தாக? செஞ்சு காட்டு."

விளக்குமாற்றை ஈட்டியாகப் பிடித்துக்கொண்டு தொப்பென்று விழுந்தேன்.

"இன்னொரு தடவ."

விழுந்தேன். அத்தை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடி தப்பியதில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் விளையாட்டு அத்தைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று நினைத்து, மறுநாள் அவள் கேட்காமலே போய் விழுந்து காட்டினேன்.