ஆறு பேர் மேஜையில் பிச்சுமணி

பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கும் சட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. நான் எழுதுவது அதற்கு முந்தைய வருடம் நடந்தது. அப்போது என் எதிர்வீட்டுப் பிச்சுமணி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மொபைலில் போக்கர் ஆடுவார். மறைத்து அல்ல. வாசல் கதவைத் திறந்து போட்டு, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ஆடுவார். கோட்டைக்ககம் என்கிற எங்கள் பேட்டையில் தெரு முழுவதற்கும் அது தெரியும்.

அவருக்கு வயது அறுபத்தொன்று. பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேனேஜர். சாவி, ஜெனரேட்டர், பந்திக்கு இலை வந்ததா, மாப்பிள்ளை வீட்டாருக்கு வெந்நீர் கிடைத்ததா என்பதெல்லாம் அவர் பொறுப்பு. முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம் மாமாக்களும் சித்தப்பாக்களும் ஜமக்காளத்தை விரித்து ஐம்பத்தாறு என்ற சீட்டாட்டம் ஆட உட்காருவார்கள். அதற்கு ஆறு பேர் வேண்டும். ஐந்து பேர் தேறி, ஆறாவது ஆள் அமையாத போதெல்லாம் பிச்சுமணிக்கு அழைப்பு வரும். முன்பின் தெரியாதவர்கள் நடுவில் போய் உட்கார்ந்து, அரைமணி நேரத்தில் அவர்களில் ஒருவராகிவிடுவார். அந்தச் சாமர்த்தியம் எனக்குத் தெரிந்து வேறு யாருக்கும் இல்லை.

அந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஐம்பத்தாறில் ஒருவர் விட்டு ஒருவர் ஒரே கட்சி. இவருக்கு அடுத்தவர் எதிரி, அதற்கு அடுத்தவர் கூட்டாளி. கூட்டாளியிடம் கையில் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது. அவர் கேள்வி விளிக்கிற, அதாவது ஏலம் கேட்கிற, விதத்திலிருந்து ஊகித்து, அவருக்கு இடம் கொடுத்து ஒதுங்க வேண்டும். கூட்டாளியின் சீட்டை வெட்டுகிறவனை யாரும் மறுபடி ஆடக் கூப்பிட மாட்டார்கள்.

மொபைலில் போக்கரை ஏற்றிக் கொடுத்தது பெங்களூரில் இருக்கும் மகன் வினய். பிச்சுமணியின் மனைவி அனந்தலக்ஷ்மி தடுக்கவில்லை. அவளும் சீட்டு தெரிந்தவள். நவராத்திரிக்குப் பெண்கள் ஆடும்போது பக்கத்துக் கையை எட்டிப் பார்க்காத ஒரே ஆள் அவள்தான் என்று பெயர். அவள் இரண்டு நிபந்தனை போட்டாள். முதலில் போட்ட தொகை தீர்ந்தால் மறுபடி போடக் கூடாது. யாரையும் ஏமாற்றிய பணம் வீட்டுக்குள் வரக் கூடாது. பிச்சுமணி இரண்டுக்கும் தலையாட்டினார். இரண்டாவது நிபந்தனை தனக்கு எதற்கு என்றுகூட நினைத்ததாக என்னிடம் சொன்னார்.

அவர் ஆடியது ஆறு பேர் மேஜை. திரையில் வட்டமாக ஆறு பெயர்கள். எல்லோரும் அவரவருக்கு இஷ்டமான பெயரை வைத்துக்கொள்வார்கள். இவர் 'கோட்டைக்ககம் பிஎம்'. ஒரு நாள் இவருக்கு ஒரு ஆள் விட்டு அடுத்த இடத்தில் 'பழவங்காடி குக்கர்' என்று ஒருவர் வந்து உட்கார்ந்தார். மற்ற நால்வர் எந்த ஊரோ, என்ன பாஷையோ. இந்த ஆள் மட்டும் நடந்து போகிற தூரத்துக்காரர். பிச்சுமணிக்கு மனசு குளிர்ந்தது. அந்த ஆள் பணத்தை ஏற்றினால் இவர் நல்ல சீட்டையும் மடக்கிவிட்டு ஒதுங்கினார். இரண்டாம் நாள் அவரும் இவருக்கு அப்படியே ஒதுங்கினார். ஒரு வார்த்தை பேசியதில்லை. மேஜை மாறினாலும், உட்காரும் இடம் மாறினாலும், அந்த மரியாதை மாறவில்லை. இரண்டு மாதம் இப்படி ஓடியது.

பிறகு அந்த நிறுவனத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு தகவல் வந்தது. 'பழவங்காடி குக்கர்' என்பவருடன் கூட்டுச் சேர்ந்து ஆடியதாகத் தெரிவதால் கணக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது, ஒரு வாரத்துக்குள் விளக்கம் தரவும் என்று இருந்தது.

பிச்சுமணி அதை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். உள்ளே கிடந்த தொகை பெரிதல்ல. அதற்காக அவர் கலங்கவில்லை. கள்ளக்களி, அதாவது ஏமாற்று ஆட்டம், ஆடியவர் என்று அனந்தலக்ஷ்மி நினைத்துவிட்டால் என்ன செய்வது? ஆட்டம் அன்றோடு போகும், அது ஒரு பக்கம். முப்பத்தாறு வருஷம் கூட இருந்தவள் தன்னைப் பற்றி அப்படி நினைப்பது அவரால் தாங்க முடியாதது. அந்த ஆள் யாரென்றே தெரியாது என்று அவளிடம் நிரூபித்தால் போதும் என்றார்.

அந்த ஆளையே தேடிப் போய்க் கேட்பது என்று கிளம்பினோம். பெயரை வைத்து ஊகித்ததில், பழவங்காடியில் குக்கர் ரிப்பேர்க் கடையைக் கண்டுபிடிக்க எங்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. கணபதி கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சந்தில் ஒரு சின்னக் கடை. உள்ளே இருந்தவர் பாறசாலைப் பக்கத்துக்காரர், பெயர் சுவாமிதாஸ். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஐம்பது வயதிருக்கும். மடியில் ஒரு குக்கர் மூடி, அதன் மேல் மொபைல். பிச்சுமணி தன் ஆட்டப் பெயரைச் சொன்னதும் மூடியைக் கீழே வைத்தார்.

"சாமிதானா கோட்டைக்ககம்? நான் ஏதோ காலேஜ் பயலுன்னுல்லா நெனச்சேன். எனக்கும் அடைச்சுப் போட்டானுவ, கேட்டியளா."

அவரும் ஐம்பத்தாறு ஆடி வளர்ந்தவர்தான். இருவரும் பத்து நிமிஷத்தில் பழைய ஆட்டங்களுக்குப் போய்விட்டார்கள். நான்தான் காரியத்தை நினைவூட்டினேன். எல்லாம் தற்செயல், ஒருவரை ஒருவர் தெரியாது என்று எழுதிவிட்டால் முடிந்தது என்பது சுவாமிதாஸின் யோசனை. பிச்சுமணிக்கும் அது பிடித்தது. உண்மையும்கூடத்தானே என்றார். முதலில் வீட்டில் சொல்லி ஒப்புதல் வாங்குவதற்காக அவரையும் அழைத்துக்கொண்டு வந்தார்.

அனந்தலக்ஷ்மி காப்பி கொடுத்துவிட்டு, முழுதும் கேட்டாள். இருவரும் முன்பின் அறியாதவர்கள் என்பதை அவள் உடனே நம்பினாள். பிச்சுமணி நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அப்போது அவள் கேட்டாள்:

"ஏன்னா, மேஜையில ஆறு பேர்னேளே. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் விட்டுக் குடுத்தா, மத்த நாலு பேரோட கதி என்ன? அவா தனித்தனியாத்தானே ஆடறா?"

பிச்சுமணி முகம் போன போக்கை நான் பார்த்தேன். இரண்டு மாதமும் அந்த நால்வரை அவர் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. ஐம்பத்தாறில் கூட்டு என்றால் எதிரிக்கும் ஒரு கூட்டு உண்டு. இங்கே அவர்களுக்குக் கூட்டாளி இல்லை. இவர்களுக்கு மட்டும் இருந்தது.

"பேசி வெச்சுண்டு பண்ணலையேடீ" என்றார் மெதுவாக.

"பேசாம பண்ணினா சரியாயிடுமா?"

சுவாமிதாஸ் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "அம்மா சொல்லதுல நியாயம் உண்டு" என்றார். ஆனால் ஒப்புக்கொண்டு எழுதினால் தொகை போகும், கணக்கும் போகும் என்றார். போனால் போகட்டும், நடந்ததை நடந்தபடி எழுதலாம் என்றார் பிச்சுமணி. சுவாமிதாஸும் ஒருவாறு ஒத்துக்கொண்டார்.

ஆங்கிலத்தில் எழுதித் தந்தது நான். எங்கள் ஊர்ச் சீட்டாட்டத்தில் ஒருவர் விட்டு ஒருவர் கூட்டாளி. அந்தப் பழக்கத்தில் ஊர்க்காரருக்கு ஒதுங்கினோம். அது மற்ற நால்வருக்குச் செய்த தவறு என்பது இப்போது புரிகிறது. எந்தெந்த ஆட்டங்கள் என்பது உங்களிடமே இருக்கும், அவற்றில் வந்ததைக் கழித்துக்கொள்ளவும். இவ்வளவுதான். இருவரும் தனித்தனியாக அனுப்பினார்கள்.

பதில் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஆட்டங்களில் வந்த தொகையைக் கழித்துக்கொண்டு, எச்சரிக்கையோடு இரண்டு கணக்குகளையும் திறந்துவிட்டார்கள். பிச்சுமணியிடம் மிஞ்சியது கொஞ்சம். ஆட்டத்தைத் தொடரலாமா என்று அவர் கேட்டதற்கு அனந்தலக்ஷ்மி, ஆடுங்கோ, நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

அன்று நானும் அங்கே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அதே மேஜைக்குச் சுவாமிதாஸ் வந்தார். பிச்சுமணிக்கு இரண்டு ராணி வந்தது. எல்லோருக்கும் பொதுவாக விழுந்த முதல் மூன்று சீட்டிலேயே மூன்றாவது ராணியும் இருந்தது. மற்றவர்கள் மடக்கிவிட்டார்கள். சுவாமிதாஸ் மட்டும் பணத்தை ஏற்றினார். பிச்சுமணியின் கட்டைவிரல் பழக்கத்தில் மடக்குகிற பக்கம் போயிற்று. நின்றது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேஜையில் இருந்ததை எல்லாம் வைத்தார். சுவாமிதாஸும் பின்வாங்கவில்லை. கடைசிச் சீட்டு இஸ்பேடு. சுவாமிதாஸிடம் கைச்சீட்டும் பொதுச்சீட்டும் சேர்ந்து ஐந்தும் இஸ்பேடு. போக்கரில் ஒரே இனம் ஐந்து சேர்ந்தால் அதுதான் பெரிது; மூன்று ராணியும் தோற்றன. மேஜையில் பிச்சுமணி கொண்டுபோயிருந்தது அத்தனையும் எதிர்ப்பக்கம் நகர்ந்தது.

உடனே போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"ராணிகளைக் கூட்டிட்டு எங்கிட்டயா வாறது சாமி? வருத்தம் ஒண்ணும் இல்லையே?"

"வருத்தமா? தாஸே, இப்பத்தான் உங்களோட சீட்டு களிச்ச மாதிரியே இருக்கு."

அவர் குரலில் பொய் இல்லை. முகம் மண்டபத்தில் பந்தி குறைவில்லாமல் முடிந்த நாளில் இருப்பதுபோல் இருந்தது. அனந்தலக்ஷ்மி நாற்காலியை இன்னும் சற்று அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நன்னா தோத்தேள்" என்றாள். "மிச்சம் ஏதாவது இருக்கோல்லியோ?"

"இருக்கு, கொஞ்சம்."

"அப்ப ஆடுங்கோ. அந்த மனுஷனை இப்படியே விடப்படாது."