குரும்பகரத்தில் டவர் தேடிய ஒரு செவ்வாய்க்கிழமை

2025 ஜனவரி 28, செவ்வாய்க்கிழமை. அன்று எனக்கு எழுபத்தாறு வயது, நான்கு மாதம், ஒன்பது நாள். வயதை இவ்வளவு துல்லியமாகச் சொல்வது பெருமைக்காக அன்று. தனியாகப் பேருந்தில் போகத் துணியும் வாசகியர், என் முழங்காலையும் தங்கள் முழங்காலையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வசதியாக இருக்கட்டும்.

இது கோயில் பார்க்கவோ கடல் பார்க்கவோ போன பயணம் அல்ல. ஒரு கைப்பேசியைப் பார்க்கப் போனேன். என் கணவரின் தங்கை செண்பகத்துக்கு எழுபது வயது. காரைக்கால் மாவட்டம் குரும்பகரத்தில் தனியாக இருந்துகொண்டு ஒன்பது மா நிலத்தில், அதாவது மூன்று ஏக்கரில், சம்பா பயிரிடுகிறாள். ஒரே மகள் சுமதி சென்னையில் வங்கி வேலையில் இருக்கிறாள். சென்ற கார்த்திகையில் செண்பகம் வரப்பில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் ஒரு மணி நேரம் கிடந்தாள். அந்த ஒரு மணி நேரமும் சுமதி அழைத்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறையும் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்ற பதில்தான் கிடைத்தது. எலும்பு முறியவில்லை. ஆனால் அதற்குப் பிறகும், பகல் வேளையில் எப்போது அழைத்தாலும் அதே பதில். சிம் மாற்றினார்கள், பேட்டரி மாற்றினார்கள், கடைசியில் கைப்பேசியையே மாற்றினார்கள். பயனில்லை.

பொங்கலன்று சுமதி என்னை அழைத்தாள். “அத்தை, தை முடியறதுக்குள்ள இதுக்கு ஒரு முடிவு தெரியணும். போன் எடுத்தா அம்மா அங்கேயே இருக்கட்டும். இல்லேன்னா நெலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு இங்க கூட்டிட்டு வந்துடுவேன். நீங்க வயர்லெஸ் பாடம் நடத்துனவங்க. ஒரு தடவ போயி பாத்துட்டுச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேக்குறேன்.”

பெண்கள் கல்லூரி ஒன்றில் முப்பத்துமூன்று ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவள் நான். மதிய வகுப்பில் தூங்கிய மாணவியர் எவரும் என்னிடம் இவ்வளவு நம்பிக்கை வைத்ததில்லை. எனவே கிளம்பினேன்.

கும்பகோணம் பேருந்து நிலையத்தில் காலை 6.10-க்குக் காரைக்கால் வண்டி. கட்டணம் ஐம்பத்தைந்து ரூபாய். ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் உட்காருங்கள். சக்கரத்துக்கு நேர்மேலே உட்கார்ந்தால், பேரளம் வருவதற்குள் உங்கள் முதுகெலும்பின் கணுக்களை எண்ணிவிடலாம். வெளியே மூடுபனி. வேடிக்கை பார்க்க ஒன்றுமில்லாததால் கைப்பேசியை அணைத்து மறுபடி உயிர்ப்பித்து, அது என்ன செய்கிறது என்று கவனித்தேன். நீங்களும் செய்து பார்க்கலாம். சிக்னலைக் காட்டும் கோடுகள் தோன்றுவதற்கு முன்னுள்ள அந்தச் சில நொடிகளில் நடப்பது எளிய வேலை அல்ல.

விழித்தெழும் கைப்பேசிக்குத் தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியாது. கடைசியாக எந்த அதிர்வெண்ணில் இருந்தது என்ற நினைவு மட்டும் இருக்கும். முதலில் அங்கே காது வைக்கும். கிடைக்காவிட்டால், தனக்குத் தெரிந்த அதிர்வெண்களை ஒவ்வொன்றாகத் துழாவும். டவர் தன் பங்குக்கு, யார் கேட்கிறார்கள் என்ற கவலையே இல்லாமல், முன்கூட்டியே முடிவுசெய்யப்பட்ட ஒரு சிறு குறிப்பைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்புகிறது. 4ஜி என்றால் நொடிக்கு இருநூறு முறை. அந்தக் குறிப்பு எப்படி இருக்கும் என்பது கைப்பேசிக்கு மனப்பாடம். இரைச்சலுக்கு நடுவே அதை அடையாளம் கண்டுகொண்டதும், டவரின் தாளம் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். தன்னுடைய மலிவான கடிகாரத்தை அந்தத் தாளத்துக்குத் திருத்திக்கொள்ளும். பிறகுதான் டவரின் அறிவிப்புகளைப் படித்து, இது நம் நிறுவனம்தானா, நமக்கு இங்கே இடம் உண்டா என்று பார்க்கும்.

திருநள்ளாற்றை 8.05-க்குக் கடந்தோம். சனிக்கிழமை மட்டும் இந்த வழியில் வராதீர்கள். சனியின் பார்வையிலிருந்து தப்ப வருபவர்களின் முழங்கைகளிலிருந்து நீங்கள் தப்ப முடியாது. புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்துவிட்டதை மதுக்கடைப் பலகைகள் அறிவித்தன. கைப்பேசி அறிவிக்கவில்லை. தொலைத்தொடர்புக் கணக்கில் தமிழ்நாடும் புதுச்சேரியும் ஒரே வட்டம். ஆகவே ‘பார்டர்ல டவர் மாறிடும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

காரைக்கால் 8.25. இரண்டு இட்லி, ஒரு வடை, காபி, எழுபது ரூபாய். காபியை மட்டும் மன்னிக்க முடியாது. வெளியே நின்ற ஆட்டோ சாகுல் என்பவருடையது. குரும்பகரம் ஒன்பது கிலோமீட்டர், இருநூற்றைம்பது ரூபாய் என்றார்.

“மீட்டர் இருக்கே?”

“இருக்கும்மா. அழகுக்கு.” வண்டியைக் கிளப்பிக்கொண்டே திரும்பினார். “அந்தப் பக்கம் டவரே கெடைக்காதும்மா. பேசறதுன்னா இங்கயே பேசிக்குங்க.”

“உங்களுக்குக் கெடைக்காமப் போயிருக்கா?”

“எனக்கு இல்லம்மா. எல்லாரும் சொல்றாங்க.”

நெடுங்காடு சாலையில் இருபுறமும் சம்பா பழுத்துக் கிடந்தது. வழி நெடுகத் திரையைப் பார்த்துக்கொண்டே போனேன். நான்கு கோடு மூன்றாகி, குரும்பகரத்தில் இரண்டானது. அருகிலுள்ள டவர் தொலைவில் இருக்கிறது என்பது அதன் பொருள். இல்லை என்பதல்ல. தொலைவையும் டவர் கணக்கில் வைத்திருக்கிறது. கைப்பேசி முதன்முதலாக ‘வந்திருக்கிறேன்’ என்று குரல் கொடுக்கும்போது, அது எவ்வளவு தாமதமாக வந்து சேர்கிறது என்று அளந்து, ‘நீ இவ்வளவு முன்னதாகப் பேசு’ என்று டவர் கட்டளையிடும். ஒரே முகூர்த்தத்துக்குத் தூரத்து உறவு முன்னதாகக் கிளம்புவது போலத்தான். எல்லார் பேச்சும் ஒரே தாளத்தில் டவரை அடைய வேண்டும் அல்லவா.

செண்பகம் வாசலில் நின்றாள். தலையில் துண்டு, கையில் மண்வெட்டி.

“வாங்க அண்ணி. சுமதி அனுப்பிவச்ச போலீஸா?”

“போலீஸ் இல்ல. டாக்டர்.”

“எனக்கா, போனுக்கா?”

“போனுக்கு. உனக்குப் பாக்க எனக்குப் படிப்பு பத்தாது.”

கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். இரண்டு கோடு, பழுதில்லை. அழைத்தேன், மணி அடித்தது. அவள் அழைத்தாள், எனக்கு அடித்தது. உள்ளே செட்டிங்ஸ் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன.

“இப்ப நல்லாத்தான் இருக்கும். வயலுக்குப் போனதும் செத்துடும். மத்தியானத்துக்குள்ள சார்ஜும் போயிடும்,” என்றாள். அந்த இரண்டாவது வாக்கியத்தை இதுவரை யாரும் பொருட்படுத்தவில்லை என்பதுதான் வியப்பு.

பத்து மணிக்கு வயலுக்கு நடந்தோம். அறுவடை இயந்திரம் வருவதற்குள் வயலுக்குள் நீர் வரும் வாய்மடையை அடைத்து, நிற்கும் நீரை வடிக்க வேண்டும். அரைக் கிலோமீட்டர், வரப்பு வழி. முழங்கால் சரியில்லாதவர்கள் குச்சி எடுத்துக்கொள்ளுங்கள். அவள் முன்னே போக, நான் இருபதடி பின்னால் நின்று அவளை அழைத்தேன். ‘தொடர்பு எல்லைக்கு வெளியே.’ என் கையில் அதே இரண்டு கோடு.

“செண்பகம், போன் எங்க?”

“பத்தரமா இருக்கு அண்ணி.” இடது கையை உயர்த்திக் காட்டினாள். அதில் ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கு. பால் வாங்கப் பயன்படுவது, அழுத்தமான மூடி போட்டது. அதற்குள் ஒரு பழைய துணியில் சுற்றி, தாலிக்கொடியைப் போலப் பாதுகாப்பாகக் கைப்பேசி.

ஐப்பசியில் நடவு நடக்கும்போது பழைய கைப்பேசி இடுப்பிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து வயலுக்கு வந்தால் தூக்குதான். வீட்டில் வெளியே எடுத்துவிடுவாள். கைப்பேசிக் கடைக்காரரிடமும் எடுத்துத்தான் கொடுப்பாள். ஆகவே சோதித்தவர்கள் எல்லாரும் நல்ல கைப்பேசியையே சோதித்தார்கள்.

சொன்னால் நம்பமாட்டாள் என்று அவள் கைப்பேசியை வெளியே எடுத்துக் கொடுத்து, அதில் கோடு வந்ததும் என் கைப்பேசியைத் தூக்கில் போட்டு மூடினேன். “இப்பக் கூப்புடு.”

கூப்பிட்டாள். காதில் வைத்துக் கேட்டாள். முகம் மாறியது. “எல்லைக்கு வெளியங்கறா அண்ணி. உங்களத்தான் சொல்றா.”

மூடியைத் திறந்தேன். கோடுகள் திரும்பி வர முப்பத்தைந்து நொடி ஆயிற்று. எண்ணிப் பார்த்தேன்.

நான்கு புறமும் உலோகம் சூழ்ந்தால் ரேடியோ அலை உள்ளே போகாது. டவருக்கு அடியிலேயே நின்றால் மூடி இடுக்கு வழியாகக் கொஞ்சம் நுழையலாம். இரண்டு கோடு உள்ள இடத்தில் அதற்கு வழியில்லை. டவருடன் தாளம் ஒத்துப்போன கைப்பேசி பெரும்பாலும் தூங்கும். குறித்த நேரத்தில் மட்டும் கண் விழித்து, தன் பெயர் சொல்லி அழைக்கிறார்களா என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கும். அதனால்தான் சார்ஜ் நாள் முழுவதும் நிற்கிறது. தாளம் தொலைந்துவிட்டால் தூக்கம் இல்லை. தேடும், கிடைக்காமல் சற்று ஓயும், மறுபடி எல்லா அதிர்வெண்களையும் துழாவும். நண்பகலுக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும்.

செண்பகம் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். “அன்னிக்கு விழுந்து கெடந்தப்ப தூக்கு கைக்கெட்டுற தூரத்துலதான் இருந்துச்சு. தொறந்து பாத்தேன். போன் அணைஞ்சு கெடந்துச்சு. நான் ராத்திரி சார்ஜ் போட மறந்துட்டேன்னு நெனச்சேன் அண்ணி. எனக்கே என்மேல பயம் வந்துடுச்சு.”

பிறகு மெதுவாகக் கேட்டாள்: “அண்ணி, சுமதிகிட்ட டவர்தான் கோளாறு, இப்ப சரி பண்ணிட்டாங்கன்னு சொல்லிடுங்களேன்.”

“ஏன்?”

“தூக்குல போட்டு வச்சேன்னு தெரிஞ்சா, அம்மாவுக்குப் புத்தி தடுமாறிப்போச்சுன்னு இன்னிக்கே வண்டி அனுப்பிடுவா.”

அந்தப் பயம் நியாயமானது. மகள்கள் அப்படித்தான் யோசிப்பார்கள். ஆனால் டவர்மீது பழி போட்டால், அடுத்த முறை ஏதாவது காரணத்தால் தொடர்பு அறுந்தால் இவள் சொல்லுக்கு மதிப்பே இருக்காது. “பொய் சொல்ல மாட்டேன்,” என்றேன். “ஆனா, நான் சொல்ற விதமாச் சொல்றேன்.”

வரப்பிலேயே உட்கார்ந்து அழைத்தோம். ஒலிபெருக்கியில் போட்டேன். தூக்கு, உலோகம், தேடல், சார்ஜ் எல்லாவற்றையும் வகுப்பெடுப்பது போலச் சொல்லி முடித்தேன். “இதக் கண்டுபிடிக்க எம்.எஸ்சி. படிச்ச எனக்கே ஒரு மணி நேரம் ஆச்சு. கடைக்காரருக்கு ரெண்டு மாசம் ஆகியும் தெரியல. அதனால உங்கம்மாவ ஒண்ணும் சொல்லாத.”

செண்பகம் மண்வெட்டிப் பிடியை இறுகப் பற்றியிருந்தாள்.

“அம்மா,” என்றாள் சுமதி. “சேத்துல போன் விழுந்துடுச்சுன்னு சொன்னப்ப, மூடி போட்ட டப்பாவுல வச்சுக்கன்னு நான்தாம்மா சொன்னேன்.”

“நீ டப்பான்னுதான்டி சொன்னே. நான்தான் நல்லதாப் பாத்து எடுத்துக்கிட்டேன்.”

இருவரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். ஒருத்தி மூக்கை உறிஞ்சியதும் கேட்டது. யார் என்று நான் விசாரிக்கவில்லை.

“சரி. குத்தகைப் பேச்ச விடு. நீ அங்கேயே இரு. ஆனா பதினோரு மணிக்குக் கூப்புடுவேன், எடுக்கணும்.”

“பதினோரு மணிக்குக் கையில சேறு. பதினொன்னரைக்குக் கூப்புடு.”

“சரிம்மா.”

வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பும் அப்பளமும் சாப்பிட்டோம். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றைத் தேடி எடுத்தோம். ‘இதப் போயி நம்பறதா’ என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த செண்பகம், டப்பாவுக்குள்ளிருந்து மணி அடித்ததும் சமாதானமானாள். சொன்ன நேரத்துக்கு, 3.15-க்கு, சாகுல் வந்தார். கும்பகோணம் திரும்பியபோது 6.20. மொத்தச் செலவு, போக வரப் பேருந்தும் ஆட்டோவும் சிற்றுண்டியும் சேர்த்து அறுநூற்றெண்பது ரூபாய். ஒரு கைப்பேசி வாங்குவதைவிட மலிவு.

இதே வழியில் போகிறவர்களுக்கு: பேருந்து காலை ஆறு மணிக்குமேல்தான் நம்பத்தக்கது, தை மாதப் பனிக்கு ஒரு சால்வை வேண்டும். வயல்வேலைக்காரர்களும் மழையில் பயணிப்பவர்களும் கைப்பேசியைப் பிளாஸ்டிக்கிலோ துணியிலோ வையுங்கள், எவர்சில்வர் டப்பாவும் தகரப் பெட்டியும் இரும்பு பீரோவும் வேண்டாம். சிக்னலே இல்லாத இடத்தில் வெகுநேரம் இருக்க நேர்ந்தால் அணைத்துவிடுங்கள், தேவைப்படும்போது சார்ஜ் மிஞ்சியிருக்கும். வீட்டுப் பெரியவர்களின் கைப்பேசியைச் சோதிப்பதானால், அவர்கள் அதைப் பகலெல்லாம் எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

செண்பகத்திடம் நான் ஒரு பொய்யை மறுத்த பிறகு மூன்று நாள் ஆகிறது. இந்த மூன்று நாளும் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. பெங்களூரில் இருக்கும் என் மகன் தினமும் மதியம் ஒரு மணிக்கு அழைப்பான். என் கணவர் இறந்தபின், தனியாக வெளியூர் போகமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கியவன் அவன். இந்த வலைப்பூவைப் புனைபெயரில் எழுதுவதால் அவனுக்குத் தெரியாது. தூரப் பேருந்தில் போகும் நாள்களில், வண்டி இரைச்சல் காட்டிக்கொடுத்துவிடும் என்று அந்த நேரத்தில் கைப்பேசியை அணைத்துவிடுவேன். அவன் அழைத்துக் கிடைக்காமல் இரவில் கேட்டால், எங்கள் தெருவில் டவர் சரியில்லை என்றே ஆறு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். அவன் கைப்பேசி நிறுவனத்துக்கு இருமுறை புகார் எழுதி, ஓர் ஊழியரும் வந்து பார்த்துவிட்டுப் போனார். இப்போது இந்தப் பதிவின் இணைப்பை மகனுக்கு அனுப்புகிறேன். தம்பி, நம் தெருவில் சிக்னல் ஒரு நாளும் குறைந்ததில்லை. நீ அழைத்துக் கிடைக்காத அந்த நாற்பத்தொரு நாளும் நான் வீட்டில் இல்லை.