காற்றுக்கு ஒரு சிட்டிகை

ரோவில் நகரிலிருந்து இரண்டு மணி நேரக் கார் ஓட்டத்தில் இருந்தது, வில்வேட்டைக்கார நண்பர் ஒருவருடைய காட்டுக் காணி. மரைமான் வேட்டை பார்க்கும் ஆசையில் ஒரேயொரு நாள் காலையில் அவரோடு போனேன். ஒல்லியான மனிதர், கையில் தானே செதுக்கிய மரவில். பத்தடிக்கொரு தரம் நின்று, சின்னத் தகரப் பேணியிலிருந்து வெள்ளைத் தூளைக் கிள்ளிக் காற்றில் விடுவார். திருநீறு தூவும் பக்திமான் என்று நினைத்தேன். மூன்று குளிர்காலம் காத்திருந்தும் ஒரு மரைகூட விழவில்லையாம். கும்பிடத்தானே வேண்டும்.

திடீரென்று அறுபதடி தூரத்தில் கொம்பு மரை. பேணியை என்னிடம் தந்துவிட்டு வில்லை வளைத்தார். நான் கண்ணை மூடி, தூளை அள்ளி நெற்றியில் பூசி, தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன். அவசரத்தில் பாதி கொட்டியது. நாண் அதிர்ந்தது. நான் கண்ணைத் திறக்கும்போது மரை ஓடி முடித்து விழுந்து கிடந்தது.

“அண்ணை, அது கோதுமை மா. காத்து எந்தப் பக்கம் அடிக்குது எண்டு பாக்கிறதுக்கு,” என்றார், முகமெல்லாம் பல்லாக. “எங்கட மணம் மரைக்குப் போகுதோ எண்டு தெரியாமல் நிண்டனான். நீங்கள் கொட்டின மா எங்கட பக்கம் பறந்தது. உடன அம்பை விட்டனான்.”

வெற்றியில் பாதியை எனக்குத் தந்தார், ஒரு தொடையும் சேர்த்து. உண்மையாகவே மாவைப் பார்த்தாரா, என் மானத்தைக் காப்பாற்றினாரா என்று இன்றும் தெரியவில்லை. அந்தக் கறியைச் சாப்பிட்டபோது மட்டும் அவர் மாவைப் பார்த்தார் என்பதையே முழுதாக நம்பினேன்.