ரோட்டைப் பார்த்தபடி ஒருவர்

வாவிக்கு அக்கரையில், படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தோம். அங்கிருந்த விஞ்ஞான ஆசிரியர் எங்களை இருக்கச் சொல்லவுமில்லை. ஒல்லியான மனிதர், யாரோடு பேசினாலும் கண் யன்னலுக்கு வெளியே ரோட்டில்தான் இருக்கும்.

பற்றரி, வயர், பல்பு வைத்து மின்சுற்றுச் செய்து காட்டினோம். புறப்படும்போது அந்தப் பெட்டியை அவரிடமே கொடுத்தேன். அதை என் நெஞ்சில் திருப்பித் தள்ளினார்.

“ஆமி வரக்குள்ள இது இஞ்ச கிடந்தா, குண்டு செய்யிறன் எண்டு என்னத்தான் கொண்டு போவானுகள்.”

“பிள்ளைகள் செய்து பாக்கத்தானே, சேர்?”

“அதுகளையும் கொண்டு போவானுகள். எடுங்க!”

கோழை என்று கறுவிக்கொண்டு வேனில் ஏறினேன். சோதனைச்சாவடியில் சிப்பாய் பெட்டியைத் திறந்து, யாருடையது என்று துவக்கை நீட்டினான். பெட்டி எங்களுடையது என்று சொல்லும் பல்கலைக்கழகக் கடிதம் என் பையிலேயே இருந்தது.

“அந்தப் பள்ளிக்கூடத்து சேருடையது,” என்றேன்.

அதற்குப் பிறகு அக்கரைக்குப் போன எந்த வேனிலும் நான் ஏறவில்லை.